பாஸ்பட்டேஸ் என்று மட்டும் அச்சிட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனை லேப்பில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். உயிர்வேதியியல் எம்.எஸ்சி. படித்தவள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பேப்பர்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் புற்றுநோய் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. பாஸ்பட்டேஸ் என்ற நொதிதான் செல்களைப் பிரிய வைக்கிறது, அது கூடினால் புற்றுநோய் வளர்கிறது, அதை அடக்கிவிட்டால் புற்றுநோயும் அடங்கிவிடும் என்று அதன் சாரம். எந்த பாஸ்பட்டேஸ் என்று அந்த அரைப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. பத்து தடவை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லேப் திறக்கும்போதே வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். 12 வயதுப் பேரனின் கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட் கையில். அதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் 312 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது, பக்கத்தில் போட்டிருக்கும் பெரியவர்களுக்கான அளவு 130 வரைக்கும்தான். "ஏம்மா, பேப்பர்ல போட்டிருந்த பாஸ்பட்டேஸ் இதுதானே? புள்ளைக்கு இவ்வளவு ஏறியிருக்கே" என்று கேட்டவர் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் அந்த எண் அப்படித்தான் இருக்கும், 12 வயதுப் பையனுக்கு 312 சாதாரணம், இது வேறு அது வேறு என்று சொல்லிப் புரியவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு நான் பாட்டியை மட்டும்தான் நினைத்தேன். என் வீட்டுக்குள்ளும் அந்தக் கட்டுரை போயிருக்கிறது என்று தெரியாது.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து 21 நாளுக்கு ஒருமுறை கீமோ போய்க்கொண்டிருந்தது. நோயாளிகள் சிவப்பு ஊசி என்று சொல்வார்களே, டாக்சோரூபிசின், அதோடு இன்னொரு மருந்தும். மூன்று முறை முடிந்து நாலாவது பாக்கி. உங்கள் கட்டுரையை வெட்டி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கூடவே ஒரு பொடிப் பொட்டலத்தையும் வைத்து, அத்தான் வழி உறவுக்காரர் ஒருவர் அக்காவிடம் கொடுத்திருக்கிறார். பொடி எங்கே வாங்கியது என்பதை எழுத விரும்பவில்லை. பொடி கொடுத்த ஆள் கூடவே ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாப்பிடும் முன்னால் ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை ரத்தத்தில் பாஸ்பட்டேஸ் பாருங்கள், இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று.

அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "எல்.எப்.டி. ஒண்ணு போட்டுப் பாரு பாப்பா, வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். எல்.எப்.டி. என்றால் கல்லீரல் பரிசோதனை, அல்கலைன் பாஸ்பட்டேஸும் அதில்தான் வரும். நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன், நானே சுழலவிட்டுச் சீரம் பிரித்து அனலைசரில் வைத்தேன். அல்கலைன் பாஸ்பட்டேஸ் 118. பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள், 96. இந்த மாதிரி இருபது எண் மேலே கீழே போவது தினமும் பார்க்கிற விஷயம், சாதாரண அளவுக்குள்ளேயே ஆடுவதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. நாலாவது ஊசிக்கு அவள் போகவில்லை. என் மிஷினில் நான் எடுத்துக் கொடுத்த எண்ணை நம்பிப் போகவில்லை. பதினோரு நாள் கழித்து அத்தான் போன் பண்ணித்தான் எனக்கு விஷயமே தெரியும்.

உங்கள் பேப்பரைத் திட்ட இதை எழுதவில்லை. அக்காவிடம் பொய் சொன்னது பொடிக்காரர்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அந்த வார்த்தை உங்கள் பக்கத்தில் அச்சில் கிடைத்தது. அதனால்தான் அந்த வார்த்தையை ஒழுங்காகப் பிரித்துச் சொல்லவேண்டும் என்கிறேன்.

பாஸ்பட்டேஸ் என்பது ஒரு தொழிலின் பெயர். கொத்தனார் என்பது போல. ஊரில் எத்தனையோ கொத்தனார், ஒருவர் செய்த தப்புக்கு இன்னொருவரைப் பிடித்து உலுக்க முடியுமா? நம் செல்களுக்குள் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சின்னத் துண்டை ஒட்டுவதும் எடுப்பதும் ஓயாமல் நடக்கிறது. ஒட்டுகிற நொதிக்குக் கைனேஸ் என்று பெயர், மனித உடலில் 500க்கு மேல் உண்டு. எடுக்கிற நொதிக்குப் பாஸ்பட்டேஸ், அதிலும் நூற்றுக்கு மேல். ஒட்டினால் ஒரு புரதம் விழிக்கும், இன்னொன்று தூங்கும், எடுத்தால் மாறும். லேப்பில் நாங்கள் பார்க்கிற அல்கலைன் பாஸ்பட்டேஸ் கல்லீரலின் பித்தக்குழாய்ப் பக்கமும் எலும்பிலும் செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும், பித்தக்குழாய் அடைத்தால் ஏறும், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து வந்து ஏறும். செல் பிரிவதை முடிவு செய்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது.

உங்கள் கட்டுரை பேச வந்த நொதி வேறு. அதன் பெயர் சி.டி.சி.25. செல் பிரிவுச் சுழற்சி என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் சேர்ந்த பெயர், அவ்வளவுதான். மனிதருக்கு மூன்று உண்டு, ஏ, பி, சி என்று. மூன்றுக்கும் ஜீன் தனித்தனிக் குரோமோசோமில், ஏ மூன்றாவதில், பி இருபதாவதில், சி ஐந்தாவதில். இவை செல்லுக்கு உள்ளே இருந்து வேலை செய்பவை. எங்கள் லேப் மாதிரி எந்த லேப்பிலும் ரத்தம் எடுத்து இதன் அளவைப் பார்ப்பதில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல எனக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெண்ணாறு வந்து நின்று கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடம். அந்த மாதிரித் தலைப்புகளில் வருஷக்கணக்காக ஷட்டர் ஏற்றி இறக்கியவர். மேட்டூரில் திறந்தாயிற்று, கல்லணை தாண்டி வந்தாயிற்று, தண்ணீர் ஷட்டரை முட்டிக்கொண்டு நிற்கிறது. வயலில் நாற்றங்கால் தயார். எல்லாம் இருந்தும் ஷட்டர் ஏறினால்தான் பாசனம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். திருகில் கிரீஸ் போட்டு, சாவியை மாட்டி, உடம்பு முழுக்கச் சாய்த்துச் சுற்றுவார். நாலு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி ஸ்கேலை எட்டிப் பார்ப்பார். அடியில் முதலில் ஒரு நுரைக்கோடு மட்டும் தெரியும், அப்புறம்தான் தண்ணீர் சத்தம்.

செல்லிலும் இப்படித்தான் முட்டிக்கொண்டு நிற்கும் ஒன்று உண்டு. சி.டி.கே.1 என்ற கைனேஸ், அதன் கூட்டாளி சைக்ளின் பி. இரண்டும் சேர்ந்துவிட்டால் செல்லை இரண்டாகப் பிரிக்கும் வேலையை ஆரம்பித்துவிடும். ஆனால் வீ1 என்ற இன்னொரு கைனேஸ் வந்து சி.டி.கே.1ன் 15ஆவது இடத்தில் இருக்கிற டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. 14ஆவது இடத்திலும் ஒன்று ஒட்டப்படும், அதை ஒட்டுவது மிட்1 என்ற வேறொரு கைனேஸ். இந்த இரண்டு பாஸ்பேட்டும்தான் இறக்கிவிட்ட ஷட்டர். எல்லாம் தயாராக இருந்தும் வேலை நடக்காது. சி.டி.சி.25 வந்து அந்த இரண்டையும் எடுத்துப்போடும். சிஸ்டின் என்ற அமினோ அமிலம் ஒன்று அதன் நடுவில் இருக்கிறது, அதில் இருக்கிற கந்தகம்தான் பாஸ்பேட்டைப் பிடித்து இழுக்கிற விரல்.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஒரே மூச்சில் ஷட்டரைத் தூக்கவே மாட்டார், கரை தாங்காது. செல் அப்படி அங்குலம் அங்குலமாகத் திறப்பதில்லை. கொஞ்சம் சி.டி.கே.1 விழித்ததும் அதுவே போய் சி.டி.சி.25ஐ இன்னும் வேகப்படுத்துகிறது, வீ1ஐ அடக்கவும் செய்கிறது. ஆகவே ஒரு கட்டம் வரை ஒன்றுமே நடக்காதது போல இருந்து, தாண்டியதும் சட்டென்று முழுக்கத் திறந்துவிடும். பாதி பிரிந்து பாதி நிற்கிற செல் உருப்படாது. செல்லுக்கு அந்த வேகம் அவசியம்.

இதைக் கண்டுபிடித்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய கதை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறுதானியத்தில் காய்ச்சுகிற ஒரு பீரிலிருந்து 1893ல் பால் லிண்ட்னர் என்ற ஜெர்மன்காரர் ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். சுவாஹிலி மொழியில் பீருக்குப் பொம்பே என்று பெயர், அந்த ஈஸ்ட்டுக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கோல் மாதிரி நீளமாக வளர்ந்து நடுவில் வெட்டிக்கொண்டு இரண்டாகும். எடின்பரோவில் பால் நர்ஸ் இந்த ஈஸ்ட்டை வைத்து 1970களில் வேலை பார்த்தார். வளர்வதற்கு முன்பே அவசரப்பட்டுப் பிரிந்து பாதி நீளத்திலேயே நிற்கிற செல்கள் அவர் கண்ணில் பட்டன. ஸ்காட்லாந்தில் சின்னதை வீ என்பார்கள், அந்தப் பெயரையே வைத்தார். வீ1 பழுதானால் ஷட்டர் இறங்குவதில்லை, செல் சின்னதாக இருக்கும்போதே பிரிகிறது. கிட்டத்தட்ட 50 சின்னச் செல் வகைகளைத் தேடிப் பிடித்தார். அதில் ஒன்று பூஞ்சை படிந்த தட்டில் இருந்ததால் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து எடுத்திருக்கிறார். மற்றதெல்லாம் வீ1 பழுது, அந்த ஒன்று மட்டும் சி.டி.கே.1 ஜீனிலேயே ஏற்பட்ட மாற்றம். லேப்பில் மாதிரியைத் தூக்கிப் போடும் முன் இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்று எங்கள் ட்ரெய்னிப் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்வேன்.

1986ல் நர்ஸும் பால் ரஸ்ஸலும் சி.டி.சி.25ஐப் பற்றி எழுதினார்கள். அது இல்லாவிட்டால் ஈஸ்ட் நீண்டுகொண்டே போகும், பிரியாது. அளவுக்கு மேல் இருந்தால் சின்னதிலேயே பிரியும். வீ1க்கு நேர் எதிர். 1989ல் பழ ஈயின் கருவிலும் இதே குடும்பத்து நொதி ஒன்றுதான் செல்கள் எப்போது பிரியவேண்டும் என்று முடிவு செய்கிறது என்று தெரிந்தது. இது பாஸ்பட்டேஸ்தான், அந்தப் பாஸ்பேட்டை நேரடியாக எடுப்பது இதுதான் என்று உறுதியானது 1991ல். 2001ல் நர்ஸுக்கும் ஹார்ட்வெல், ஹன்ட் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, இதை அடக்கிவிட்டால் என்ன ஆகும்? எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஏ இல்லாவிட்டால் கருவிலேயே இறந்துவிடுகிறது, பிறப்பதே இல்லை. பி இல்லாத பெண் எலி நன்றாக வளர்கிறது, ஆனால் முட்டைகள் முதிராமல் பாதியில் நின்றுபோய்க் குட்டி போடுவதில்லை. சி இல்லாத எலிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மற்ற இரண்டும் பார்த்துக்கொள்கின்றன போல. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது. செல் பிரியாமல் அது நடக்காது. ஒரு புண் ஆறாது. ஒரு முடி வளராது. இப்படிப்பட்ட ஒன்றை ஒழிக்கவேண்டிய எதிரியாக எழுதியதுதான் அந்தக் கட்டுரையின் பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

அதே சமயம் கட்டுரையில் உண்மை இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஏ, பி இரண்டும் மார்பகம் உட்படப் பல புற்றுநோய்க் கட்டிகளில் அளவுக்கு அதிகமாக இருப்பதை 1990களிலிருந்தே பார்த்து வருகிறார்கள். ஷட்டர் எப்போதும் மேலேயே நின்றால் என்ன ஆகும் என்று வெள்ளத்தில் கரை உடைந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அதனால் இதை அடக்கும் மருந்து தேடுவது நியாயமான வேலைதான், பல வருடமாகத் தேடுகிறார்கள். ஆனால் இன்றைய தேதிக்கு சி.டி.சி.25ஐ அடக்குவதற்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. நொதியின் வேலை நடக்கிற இடம் ஆழமே இல்லாத பள்ளம், மருந்து அதில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சிரமப்படுகிறது. பிடித்த பல ரசாயனங்கள் மற்ற புரதங்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. பெரிய பெரிய கம்பெனிகளால் ஆகாததை ஒரு பொடி செய்துவிடும் என்றால் எப்படி? தட்டில் வளர்த்த செல்லின் மேல் ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றி இந்த நொதி குறைந்தது என்று ஆய்வுகள் வரும், இல்லை என்று சொல்லவில்லை. தட்டில் இருக்கிற செல்லுக்கு வயிறு கிடையாது, கல்லீரல் கிடையாது.

இதில் கட்டுரையாளர் கவனிக்காத ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. செல்லின் டி.என்.ஏ. அடிபட்டால் செல் தானாகவே சி.டி.சி.25ஐ நிறுத்துகிறது. அடிபட்ட செய்தியை ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். என்ற இரண்டு கைனேஸ்கள் எடுத்துக்கொண்டு போய் சி.எச்.கே.1, சி.எச்.கே.2 என்பவற்றிடம் கொடுக்கின்றன. அவை சி.டி.சி.25 மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. ஏ என்றால் கொஞ்ச நேரத்தில் உடைத்துப் போடப்படுகிறது. சி என்றால் 216ஆவது இடத்தில் அடையாளம் ஒட்டி, இன்னொரு புரதம் வந்து பிடித்து உட்கருவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. கரையில் உடைப்பு என்று தகவல் வந்ததும் அப்பா நடுராத்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கப் போனாரே, அதே வேலைதான். உடைப்பை அடைத்த பிறகு மறுபடி திறப்பார்கள்.

அக்காவுக்குப் போட்ட சிவப்பு ஊசி என்ன செய்கிறது? வேகமாகப் பிரிகிற செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. உடைந்ததும் இந்த எச்சரிக்கை மணி அடிக்கிறது, சி.டி.சி.25 அடங்குகிறது, செல் நிற்கிறது, சரிசெய்ய முடியாத அளவுக்கு அடி என்றால் செத்துப்போகிறது. அக்கா பொடியில் தேடியதை அந்த ஊசி ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் பொடி சாப்பிட்டாள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம், இந்த மணியை நிறுத்தவும் மருந்து முயற்சி நடக்கிறது. வீ1ஐயும் சி.எச்.கே.1ஐயும் அடக்கும் மருந்துகளை நோயாளிகளிடம் சோதனை செய்து வருகிறார்கள். அதாவது ஷட்டரை இறக்குகிறவனைப் பிடித்து வைப்பது. பல புற்றுநோய்ச் செல்களில் பி53 என்ற இன்னொரு காவல் புரதம் ஏற்கெனவே பழுதாகியிருக்கும். டி.என்.ஏ. உடைந்திருக்கும்போது அவை நின்று சரிசெய்துகொள்ள இந்த ஒரு ஷட்டரைத்தான் நம்பியிருக்கின்றன. அதையும் வலுக்கட்டாயமாகத் திறந்துவிட்டால் உடைந்த டி.என்.ஏ.வோடு பிரியப் போய் அந்தச் செல் சாகும். ஒரே கதவை மூடியும் கொல்லப் பார்க்கிறார்கள், திறந்தும் கொல்லப் பார்க்கிறார்கள். இந்த நிலையில் அடக்கினால் புற்றுநோய் அடங்கும் என்று ஒற்றை வரியில் எழுத எப்படி முடிந்தது என்று கட்டுரையாளரிடம் கேட்க ஆசைப்படுகிறேன், கோபத்தில் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

செல் சுழற்சி மேல் கைவைக்கிற மாத்திரையே இல்லை என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். பால்போசிக்ளிப் என்று ஒன்று இருக்கிறது, சுழற்சியில் இதற்கு முன்னால் வரும் இன்னொரு வாசலில் நிற்கிற சி.டி.கே.4, 6 இரண்டையும் அடக்கும். சில வகை மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2015ல் ஒப்புதல் கிடைத்தது, இங்கேயும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். யாருக்குப் பொருந்தும் என்பது கட்டியின் வகையைப் பொறுத்தது, டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு சின்னத் திருத்தம், இது நெல் ஊர் என்பதால். மரம் செடி கொடி எல்லாவற்றிலும் இந்த நொதிதான் செல்லைப் பிரிய வைக்கிறது என்று கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி. செடிகளில் சி.டி.சி.25 இந்த வேலையைச் செய்வதாகத் தெரியவில்லை, அவை செல் பிரிவை வேறு வழியில் நடத்திக்கொள்கின்றன. நெல்லில் இதன் தூரத்து உறவு ஒன்று இருக்கிறது, அதன் வேலை ஆர்சனிக் நஞ்சின் ஒரு வடிவமான ஆர்சனேட்டை இன்னொரு வடிவமான ஆர்சனைட்டாக மாற்றுவது. ஆர்சனேட் பார்க்கப் பாஸ்பேட் மாதிரியே இருப்பதால் இந்தக் குடும்பத்து நொதிக்கு அதைப் பிடிக்க வருகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று விடுகிறவர்கள் நிறையப் பேர் படிக்கிற பேப்பரில் இதை எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான் கேட்பது இதுதான். கட்டுரை வந்த அதே மருத்துவப் பக்கத்தில், ஓரத்தில் பொடி எழுத்தில் போடாமல், கண்ணில் படும்படி ஒரு திருத்தம் போடுங்கள். ரத்த ரிப்போர்ட்டில் வருகிற அல்கலைன் பாஸ்பட்டேஸும் கட்டுரையில் சொன்ன சி.டி.சி.25ம் வேறு வேறு என்று முதல் வரியில் வரவேண்டும். ரத்தத்தில் அந்த எண் இறங்குவதை வைத்துப் புற்றுநோய் குறைகிறது என்று யாரும் முடிவு செய்யக்கூடாது என்பது இரண்டாவது வரி. யார் என்ன கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டாமல் கீமோ தேதியைத் தள்ளக்கூடாது என்பது மூன்றாவது. அதற்கு மேல் இடம் இருந்தால் அந்த ஈஸ்ட் கதையைப் போடுங்கள். இனிமேல் இந்த மாதிரி கட்டுரை வந்தால் அச்சுக்கு அனுப்பும் முன் இந்தத் துறையில் வேலை பார்க்கிற ஒருவரிடம் ஒருமுறை படிக்கக் கொடுங்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, கேட்டால் மகிழ்ச்சியாகப் பார்த்துத் தருவார்கள். பெயரை முழுசாகப் போட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். சி.டி.சி.25 என்றால் வாசகருக்குப் புரியாது என்று நினைத்துத்தான் பாஸ்பட்டேஸ் என்று சுருக்கியிருப்பார்கள். முறைப்பாசன அட்டவணையை வைத்து எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை எத்தனை கன அடி என்று விரல்விட்டுச் சொல்கிற ஜனங்கள் இவர்கள், இதுவும் புரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் படிக்கிறவர்களுக்கு மனசு கேட்காது. அத்தான் போன் பண்ணிய அன்றே போய் உட்கார்ந்தேன். அவளோடு சண்டை போடவில்லை. என் லேப்பில் அந்த வாரம் வந்த, எந்த நோயும் இல்லாத ஆறு பேரின் அல்கலைன் பாஸ்பட்டேஸ் எண்களைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். 71, 104, 88, 122, 65, 97. "இதுல யாருக்கு கேன்சர் சொல்லுக்கா" என்றேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள், முக்கால்வாசி தீர்ந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கோபப்படவில்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்து, சரியாக இருக்கிறது என்று அந்த வாரமே நாலாவது ஊசியைப் போட்டுவிட்டார். தாமதமானதால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லவில்லை, ஆகும் என்றும் சொல்லவில்லை.

இப்போது அடுத்த மருந்து, பாக்ளிடாக்சல், வாரம் ஒன்று என்று பன்னிரண்டு வாரம். ஊசி வியாழக்கிழமை, அதற்கு முதல் நாள் காலை அக்காவின் ரத்தம் வயலெட் மூடி டியூபில் என் மேசைக்கு வரும். உங்கள் கட்டுரையின் கட்டிங்கை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை, மணிபர்சில் மடித்து வைத்திருக்கிறாள். உங்கள் திருத்தம் வந்தால் வெட்டி அதன் மேலேயே ஒட்டிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்